எதிர்க்கடைக்கு அனுப்பிய எலி

எலி பிடிக்கிற தொழிலில் எலி ஒரு தொல்லையே இல்லை. எலி குடியிருக்கும் கடையின் சொந்தக்காரர்தான் தொல்லை. 'வாடிக்கையாளர்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்துக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, நீங்கள் தையல் கடையிலோ, வங்கி முகப்பிலோ, கைத்தொலைபேசி பழுது பார்க்கும் மேசையிலோ, எங்கே மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம் எல்லோருக்கும் ஒரே கூண்டுதான்.

என் பெயர் ஜெயா. பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். எங்கள் லைனை மூடிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து சீரியலில் வரும் மாமியாரைத் திட்டிக்கொண்டிருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. அடுத்த மாதமே பூச்சி, எலி ஒழிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். லிட்டில் இந்தியாவில் பதினொரு கடை உள்ள ஒரு தெரு என் பொறுப்பு. ஒரு வரிசையில் ஆறு கடை, எதிர் வரிசையில் ஐந்து. முகத்துக்கு நேரே தங்கச்சி என்பார்கள், ஜெயா என்பார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் 'எலியக்கா'. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இரண்டு வருடம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நீல நிறத்தில் மெழுகுக் கட்டி மாதிரி ஒரு விஷம். மூலைக்கு மூலை வைப்பேன், எலி தின்னும், சாகும், கையெழுத்து வாங்குவேன், வீட்டுக்குப் போவேன். அப்புறம்தான் ஊராட்சி மன்றத்திலிருந்து அந்த உத்தரவு வந்தது. ஆந்தை, புனுகுப்பூனை, உடும்பு இதெல்லாம் நடமாடும் இடங்களில் நீலக் கட்டி கூடாது. எங்கள் தெருவும் பட்டியலில் இருந்தது. இனிமேல் கூண்டு வைக்க வேண்டும், ஓட்டையை அடைக்க வேண்டும், குப்பைத்தொட்டிக்கு மூடி போட வேண்டும். அன்று பிடித்தது எனக்குச் சனி.

செத்த எலியைக் காட்டு

இந்த நல்ல செய்தியை முதலில் மளிகைக்கடை மாணிக்கம் அண்ணனிடம் சொல்லப் போனேன். அவர் தெரு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். அறுபது வயது, கல்லாவில் உட்கார்ந்து பேசினால் கடைசிக் கடைக்குக் கேட்கும் குரல். சீரக மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவில் நின்று, கூண்டு, கம்பி வலை, ஓட்டைக்கு இரும்புப் பஞ்சு என்று பத்து நிமிஷம் விளக்கினேன். தொழிற்சாலையில் ஜப்பான்காரர்களுக்கே நான் இவ்வளவு பொறுமையாக விளக்கியதில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். நான் செத்த எலியக் கண்ணால பாக்கணும்" என்றார். "அண்ணே, நீலக் கட்டி தின்ன எலி உங்க முன்னால வந்து படுத்துச் சாகாது. சுவருக்குள்ள போய்ச் சாகும். அப்புறம் அதைக் கண்ணால பாக்க முடியாது, மூக்காலதான் பாக்கணும்" என்றேன். கேட்பாரா? கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களையும் சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"மருந்து இல்லாம எலி பிடிக்கிறது, டாக்டர் ஊசி போடாம முதுகைத் தட்டிக் குடுத்து அனுப்புற மாதிரிலா இருக்கு!"

மாடி வீட்டுக்காரர்கள்

எதற்கு இந்த உத்தரவு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே தெரியும், அதுவும் நேரடியாக. மாணிக்கம் அண்ணன் கடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீடு பூட்டிக் கிடக்கிறது. மாடி ஜன்னல் உடைந்து, அதற்குள் வெள்ளை முகத்தோடு ஓர் ஆந்தை ஜோடி குடியிருந்தது. உத்தரவு வருவதற்கு முந்தைய வருடம் ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் அதில் ஒன்று கிடந்தது. மூக்கோரம் ரத்தம். நீலக் கட்டி தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் போதையேறின மாதிரி தள்ளாடிக்கொண்டு திரியும். ஆந்தைக்கு அது சுலபமான சாப்பாடு. அப்படி நாலு எலி தின்றால் ஆந்தையும் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துப்போகும். அந்த வரிசை முழுக்கக் கட்டி வைத்தது நான்தான். அதைத் துணியில் சுற்றித் தூக்கும்போது, இவ்வளவு பெரிய இறக்கைக்குள் உடம்பு ஒரு கைப்பிடிகூட இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் அதே ஜன்னலில் ஒரு புது ஜோடி வந்தது. நாலு குஞ்சு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் நாலும் சேர்ந்து குறட்டை விடுகிற மாதிரி சீறும். எனக்கு அதைக் கேட்டால் சந்தோஷம், மாணிக்கம் அண்ணன் காதைப் பொத்திக்கொள்வார். ஆந்தை கத்தினால் ஆகாது என்கிற கட்சி அவர். கொஞ்ச நாளிலேயே சங்கத்தின் சார்பில் கெடு வைத்தார்: புரட்டாசி முடிந்து தீபாவளிச் சந்தை தொடங்குவதற்குள் தெருவில் எலி இருக்கக் கூடாது; இருந்தால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு. அந்த வேறு ஆள் நீலக் கட்டியைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து வைப்பாராம். எங்கள் பாஸ் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: இந்தத் தெரு போனால் எனக்குக் கொசுப்புகை அடிக்கிற லாரிதான். எனக்கு இளைப்பு நோய். அந்தப் புகையில் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். ஆக, என் பிழைப்பும் அந்த நாலு குஞ்சும் ஒரே படகில் ஏறிவிட்டோம். மாணிக்கம் அண்ணனிடம் குஞ்சுகளைக் காட்டிக் கெஞ்சிப் பார்த்தேன். அவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நாங்க எல்லாம் லைசென்ஸ் எடுத்துதான் இந்தத் தெருவுல இருக்கோம். அது என்ன லைசென்ஸ் எடுத்துச்சு?"

கருவாட்டுக்குத் தடை

கூண்டு வைத்தாயிற்று. கூண்டுக்குள் எதையாவது வைக்க வேண்டுமே. கருவாட்டுத் துண்டுக்கு மிஞ்சி எதுவும் இல்லை என்பது என் அனுபவம். பதினொரு கடைக்கும் சேர்த்து ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனேன். அன்று புரட்டாசி முதல் தேதி என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. இத்தனைக்கும் நானே வீட்டில் மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

எதிர் வரிசையில் ஜவுளிக்கடை மங்கை அக்கா. நல்ல மனுஷி, நான் போனால் உட்காரச் சொல்லாமல் விடமாட்டார். அன்று நான் கடைக்குள் கால் வைப்பதற்கு முன்னாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு கையை நீட்டித் தடுத்தார். பெருமாளுக்கு உகந்த மாதத்தில், பட்டுப் புடவைக்குப் பக்கத்தில், கருவாடா? "அக்கா, இது உங்களுக்கு இல்ல, எலிக்கு" என்றேன். எடுபடவில்லை. கடைசியில் அவர் பக்கத்துக் கடையில் வாங்கிய உளுந்து வடையைத்தான் எல்லாக் கடைக் கூண்டுக்குள்ளும் வைத்தோம். அதையும் பிட்டுப் பார்த்து, வெங்காயம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் விட்டார். நான் கிளம்பும்போது சமாதானமாகச் சொன்னார்:

"கவுச்சி வேணும்னா எலி வெளிய போய்ச் சாப்பிட்டுக்கட்டும்லா, யாரு வேணாம்னா?"

தெரிந்த முகம்

அப்புறம் நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. கூண்டில் எலி விழுந்தால் எனக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நான் வந்து எடுத்துப் போவேன் என்பது ஏற்பாடு. ஒருத்தரும் கூப்பிடவில்லை. நான் போய்க் கேட்டால், "விழுந்துச்சு, விழுந்துச்சு, நாங்களே அனுப்பிட்டோம்" என்பார்கள். மங்கை அக்கா மூன்று, மாணிக்கம் அண்ணன் ஐந்து, நகைக்கடையில் நாலு. முதல் வாரத்திலேயே முப்பது எலிக்குக் குறையாமல் கணக்கு வந்தது. ஆனால் கடித்த மூட்டையும் குறையவில்லை, எலிப்புழுக்கையும் குறையவில்லை. பினாங்குத் தீவில் உள்ள எலி மொத்தமும் கப்பலேறி எங்கள் தெருவில்தான் இறங்குகிறதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

காசு மாற்றும் கடை காதர் பாய்தான் முதன்முதலாக என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயது, நிதானமான மனிதர். ரூபாய் நோட்டு, தாய்லாந்து பாட் நோட்டு, டாலர் என்று விரலால் தடவியே கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பார். அவர் கடை மூலையில் கூண்டு, கூண்டுக்குள் நடுத்தர அளவில் ஓர் எலி, வடையைத் தின்றுவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தது. பயமே இல்லை. என்னைப் பார்த்ததும் சாவகாசமாகத் திரும்பி உட்கார்ந்தது. காதர் பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நோட்டைப் பார்ப்பது போலவே அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, இந்த எலிய எனக்குத் தெரியும். போன செவ்வாக்கெழமையும் வந்திருந்துச்சு."

சிவப்புப் புள்ளி

இங்கேதான் என் பதினான்கு வருடத் தொழிற்சாலை மூளை வேலை செய்தது. எங்கள் லைனில் கழித்த பொருள் திரும்பவும் லைனுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று அதில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்போம். புள்ளி வைத்த பொருள் மறுபடியும் என் மேசைக்கு வந்தால், யாரோ நடுவில் திருட்டுத்தனம் செய்கிறார்கள் என்று அர்த்தம். என் கைப்பையில் மகளுடைய சிவப்பு நகப்பூச்சு கிடந்தது. தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு, கூண்டுக் கம்பிக்கு வெளியே நீட்டியிருந்த வாலைப் பிடித்து, நுனியில் இரண்டு பூச்சு பூசினேன். காய்கிற வரைக்கும் ஊதவும் செய்தேன். பிறகு, எங்கள் பாஸ் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், எலி பிடிக்கச் சம்பளம் வாங்கும் நான், அந்த எலியைக் காதர் பாய் கடைப் பின்வாசலில் திறந்து விட்டேன்.

எல்லாக் கடைக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன்: எலி விழுந்தால் 'அனுப்புவதற்கு' முன்னால் ஒரு படம் எடுத்து எனக்குப் போடுங்கள், கம்பெனிக்குக் காட்ட வேண்டும். படம் என்றதும் எல்லோருக்கும் குஷி. வெள்ளிக்கிழமை மங்கை அக்காவிடமிருந்து படம் வந்தது: சிவப்பு வால். ஞாயிறு மாணிக்கம் அண்ணனிடமிருந்து: சிவப்பு வால், பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் வெற்றிக்குறி காட்டிக்கொண்டிருந்தது. திங்கள் நகைக்கடை, புதன் மறுபடியும் மங்கை அக்கா. அதே வால், அதே திமிர் பிடித்த முகம். மங்கை அக்காவின் இரண்டாவது படத்துக்குக் கீழே ஒரு குரல் செய்தியும் இருந்தது:

"ஜெயா, இந்த எலிங்க எல்லாம் இப்ப நகப்பூச்சு போட ஆரம்பிச்சிருச்சுங்க பாரு, என்ன காலம்லா இது!"

வாக்குமூலம்

மறுநாள் காலையில் மாணிக்கம் அண்ணன் கடையில் எல்லோரையும் கூட்டினேன். கைத்தொலைபேசியில் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினேன். முதல் படத்துக்கு "இது என் எலி" என்றார் மங்கை அக்கா. இரண்டாவதற்கு "இது என்னுது" என்றார் மாணிக்கம் அண்ணன். மூன்றாவது, நாலாவது படம் வந்ததும் சீரக மூட்டையை ஆராய்ச்சி செய்வது போல் ஆளுக்கொரு பக்கம் குனிந்துகொண்டார்கள். "எங்க அனுப்பினீங்க? உண்மையச் சொல்லுங்க" என்று நான் கத்தினேன். ஆம், கத்தினேன். மூன்று வாரமாக என் தூக்கமே போயிருந்தது.

மங்கை அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். புரட்டாசியில் ஓர் உயிரைக் கொல்லலாமா? அதனால் கூண்டை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி மாணிக்கம் அண்ணன் கடைப் பக்கம் விட்டாராம். காடி, லாரி எல்லாம் ஓடுகிற தெரு, திரும்பி வராது என்று நம்பிக்கை. மாணிக்கம் அண்ணன் பொங்கி எழுந்தார். பொங்கின வேகத்தில் அவர் கதையும் வெளியே வந்துவிட்டது: அவரும் விரதம், அவர் தன் எலிகளை மங்கை அக்கா கடைக்குப் பின்னால் விட்டிருக்கிறார். ஜவுளிக்கடையில் தின்ன ஒன்றும் இல்லை, தானே ஊரைவிட்டுப் போய்விடும் என்ற கணக்கு. "பாய், உங்களுக்கு என்ன விரதம்?" என்று காதர் பாயைப் பிடித்தேன். அக்கம்பக்கம் எல்லோரும் விரதமாக இருக்கும்போது தான் மட்டும் கொன்றால் மரியாதையாக இருக்குமா என்று யோசித்து, அவர் நடுத்தெருவில் விட்டாராம், யாருக்கும் பாரபட்சம் இல்லாமல். மூன்று வாரமாக ஏழெட்டு எலிகள்தான் பதினொரு கடைக்கும் முறை வைத்து விருந்துக்குப் போயிருக்கின்றன.

ஒருவழியாக ஒப்பந்தம் ஆயிற்று. இனி விழுகிற எலியை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை, கூண்டோடு என் கையில் தந்துவிடுவார்கள். எனக்கும் விரதம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். உத்தியோகத்துக்குச் செய்வது கணக்கில் வராது என்று காதர் பாய் உட்பட எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். பாவத்தை வாங்கி வைத்துக்கொள்வதும் என் சம்பளத்தில் சேர்த்தி போலிருக்கிறது. கிளம்பும்போது மங்கை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்:

"எங்க கொண்டு போறேன்னு மட்டும் எங்ககிட்ட சொல்லிடாத."

பல் தடம்

பத்து நாளில் ஆறு எலிகளைக் கொண்டுபோனேன். எங்கே என்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஓட்டைகளை அடைத்தோம், குப்பைத்தொட்டிக்கு மூடி வந்தது. தெரு அமைதியாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றோ இரண்டோ. அதில் ஒன்று நிச்சயம் சிவப்பு வால். வாரக்கணக்கில் கூண்டுக்குள் போய் வந்த அனுபவசாலி, இப்போது கூண்டைத் தொடாமலே வெளியிலிருந்து வடையை இழுத்துத் தின்னக் கற்றுக்கொண்டிருந்தது. சந்தைக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

ஒரு நாள் காலையில் மாணிக்கம் அண்ணன் கடையின் பின்கட்டில் குனிந்து பெருக்கும்போது எண்ணெய் டின்னுக்குப் பின்னால் நீலமாக ஏதோ தெரிந்தது. நீலக் கட்டி. பாதிக்கு மேல் இல்லை, மிச்சத்தில் பல் தடம். நாலு நாளுக்கு முன்னால் அந்த 'வேறு ஆளிடம்' வாங்கி வைத்தாராம். சந்தை நெருங்குகிறதே என்ற பதற்றம். எனக்கு வந்த கோபத்தில் அண்ணன் என்றுகூடப் பார்க்கவில்லை. "போன வருஷம் அந்தப் பறவையத் துணியில சுத்தினது நான்தாண்ணே, நீங்க இல்ல. இப்ப மேல நாலு குஞ்சு இருக்கு. இதைத் தின்ன எலிய அதுங்க தின்னா, ஒண்ணொண்ணா அஞ்சடியில விழும். நீங்க வந்து பொறுக்குங்க!" என்று கத்திவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "புரட்டாசியில கொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு இது என்ன?" என்று கேட்டேன். எண்ணெய் டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வைக்கிறதுதாம்மா நான். திங்கிறது அது இஷ்டம்தானேன்னு நெனச்சிட்டேன்."

மாடியிலிருந்து ஒரு சத்தம்

மிச்சக் கட்டியைப் பையில் போட்டு மூடி எடுத்துக்கொண்டேன். ஆனால் தின்றதைத் திருப்பி வாங்க முடியுமா? அதற்கு மறுநாள் காலை, பூட்டிய கடைவீட்டின் ஜன்னலுக்கு நேர் கீழே அஞ்சடியில் ஆந்தை எச்சத்துக்கு நடுவில் ஒரு துண்டு கிடந்தது. குச்சியால் புரட்டினேன். வால். நுனியில் என் மகளின் சிவப்பு நகப்பூச்சு, ஒரு சொட்டுகூட உரியாமல். கட்டியைத் தின்றது சிவப்பு வால் என்றால், அந்த விஷம் இப்போது குஞ்சுகளின் வயிற்றில். தெரிவதற்கு நாலைந்து நாள் ஆகும். அதுவரை செய்ய ஒன்றுமே இல்லை. வன விலங்கு அதிகாரிகளுக்குச் சொல்லிவைத்தேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

அந்த நாலு நாளும் தெரு முழுக்க அண்ணாந்துதான் நடந்தது. மங்கை அக்கா புடவை விரிக்கும்போதே ஒரு கண்ணை ஜன்னலில் வைத்திருந்தார். காதர் பாய் சாயங்காலம் கடையிலிருந்து இறங்கி வந்து காதைக் கொடுத்துக் கேட்பார். ஆந்தை கத்தினால் ஆகாது என்ற மாணிக்கம் அண்ணன், விளக்கு வைக்கிற நேரமானால் அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னிக்குக் கத்துச்சாம்மா? நாலும் கத்துச்சா?" என்று என்னை நச்சரித்தார். முதல் நாள் நாலும் கத்தின. இரண்டாம் நாளும் நாலும் கத்தின. மூன்றாம் நாள் மழையில் ஒன்றுமே கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் காலை, மாணிக்கம் அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். சந்தைக்குக் கூடாரம் போட வந்தவர்கள்கூட அந்தக் கடைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். அப்படி ஒரு நாற்றம். நான் ஏணி போட்டு, பின்கட்டுக் கூரைப் பலகையைக் கழற்றி, கையை விட்டு வெளியே எடுத்தேன். செத்து உப்பிய எலி, பல்லில் நீலக்கறை. நான் முதலில் பார்த்தது வாலைத்தான். நுனிவரை சாம்பல் நிறம், சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. கட்டியைத் தின்றது இது. சிவப்பு வால் தின்றது வெறும் வடைதான்! நாறிப்போன எலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணி மேல் நின்று சிரித்த ஒரே ஆள் பினாங்கில் நானாகத்தான் இருப்பேன். "அண்ணே, செத்த எலியக் கண்ணால பாக்கணும்னீங்களே, பாருங்க, நல்லாப் பாருங்க!" என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அன்று சாயங்காலம் மழை இல்லை. மங்கை அக்கா, காதர் பாய், மாணிக்கம் அண்ணன், நான், நாலு பேரும் அஞ்சடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்று சீறியது. பிறகு இரண்டு. பிறகு நாலும் சேர்ந்து, பசியில் தெருவையே எழுப்பிவிட்டன. மங்கை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அடுத்த வருடக் கையெழுத்தை மாணிக்கம் அண்ணனே என் கையிலிருந்த படிவத்தை வாங்கிப் போட்டுக் கொடுத்தார். "ஏண்ணே, எங்க யாராலயும் பிடிக்க முடியாத சிவப்பு வாலை இந்த ஆந்தை ஒரே ராத்திரியில முடிச்சிருச்சு பாத்தீங்களா?" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்து, முதலாளியைப் பார்க்கிற மரியாதையோடு தலையை ஆட்டினார்:

"முடிக்காம என்னம்மா செய்யும்? இந்தத் தெருவிலேயே புரட்டாசி விரதம் பிடிக்காத குடும்பம் அது ஒண்ணுதானே!"

ஆகவே, கஷ்டப்படும் என் கூட்டாளிகளே, எலி பிடிக்கிற ரகசியம் என்னவென்று யாராவது உங்களைக் கேட்டால், முதலில் கடைக்காரர்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், எலி தானாகக் குறையும்.